வனப்பேச்சிக்குக் கொண்டுபோன சீர்

அந்தப் பெட்டியக் கால்மாட்டுல வைக்காத தாயி, டிரைவரு பிரேக்கு அடிச்சா முன்னால ஓடிப்போயிரும். இங்கிட்டு என் பக்கம் சாச்சு வையி, நான் பிடிச்சுக்கிறேன். என்ன அது? எண்ணெ இல்லாம வடை சுடுற பெட்டியா? யாருக்கு? கூட வேலை பாக்குற புள்ள வீட்டுப் பால்காய்ப்பா? சரி சரி. நல்ல பெட்டிதான். எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. இதவிடப் பெருசு. ரெண்டு தட்டு வச்சது.

வடையா? இல்ல, சுடல. இன்னும் பிரிக்கவே இல்ல.

நான் பாளையந்தான். தேனிக்குப் போறேன். எப்பவும் கார்லதான் போவேன். இப்ப காரு கம்பெனியில நிக்கிது. சர்வீசுக்குத்தான். கொஞ்ச நாளாகும்னாங்க. அதான் இந்தப் பஸ்சு. சன்னல்ல சாயாத, கம்பி துருப்பிடிச்சுக் கெடக்கு, சேலையில கறை பட்டா போகாது.

நான் ஒண்ணு சொல்றேன் கேக்குறியா? நீ இந்தப் பெட்டியக் கொண்டுபோயிக் குடுக்கிறப்ப அந்தப் புள்ள மொகத்தப் பாரு. பெட்டியப் பாக்காத, மொகத்தப் பாரு. சிரிச்சுச்சுன்னா எப்பிடிச் சிரிக்குதுன்னு பாரு. ஒரே ஒரு சிரிப்பு தாயி, அது என்னைய என்ன பாடு படுத்துச்சுன்னு ஒனக்குத் தெரியாது.

எனக்கு ஒரு நாத்தனா. எங்க வீட்டுக்காரருக்குக் கூடப்பெறந்தது அது ஒண்ணுதான், வனப்பேச்சின்னு பேரு. சின்னமனூர்ல குடுத்திருக்கு. புருசன் மாயழகண்ணே, வாழைத்தார் ஏத்துற லோடுமேனு. சந்துக்குள்ள ஒரு வீடு, ஒத்த அறை, ஒரு அடுப்படி. அதுல ரெண்டு பிள்ளைக. மூத்தது பொண்ணு, பிரியதர்சினி. அடுத்தது பையன். வசதி அம்புட்டுத்தான். ஆனா அவ வாய் இருக்கே! எந்நேரமும் சிரிச்சுக்கிட்டே இருப்பா. சோத்துக்கு இல்லேன்னாலும் சிரிப்பா. அப்பிடிச் சிரிக்கிறவள நம்பாத.

அந்தப் பிரியதர்சினி வயசுக்கு வந்த சடங்கு. தாய்மாமன் சீர் கொண்டு போகணும்ல? நாங்க கொறையாத்தான் போனோமா? பட்டுச் சேல, வெங்கல அண்டா, பழத்தட்டு, முட்டாயித்தட்டு, மாலை, மேளம். அதோட ஒரு மிக்சி. மூணு ஜார் வச்ச மிக்சி தாயி, நானே கடையில நின்னு ஓட்டிப் பாத்து எடுத்தது.

நான் கல்யாணமாகி வந்தப்ப கண்ணாடி பதிச்ச பீரோ கொண்டாந்தேன். பாளையத்துல எங்க தெருவே வந்து பாத்துச்சு. பொம்பளைக வரிசையா வந்து அதுல மொகம் பாத்துட்டுப் போவாளுக. அப்ப அதான் பெருசு. அப்பறம் கலர் டிவி வந்துச்சு. அப்பறம் ஃபிரிட்ஜு. அத அடுப்படியில வைக்கக் கூடாது, நடுக்கூடத்துல வைக்கணும், மேல பூப்போட்ட துணி விரிச்சு பிளாஸ்டிக் ரோசா வைக்கணும், வந்தவுக கண்ணு அதுல விழுகணும். இப்ப ஃபிரிட்ஜு இருக்குன்னு சொல்லிப் பாரு. தண்ணிக்குழா இருக்குன்னு சொன்ன மாதிரிப் பாப்பாக. எத்தன கதவுன்னு கேப்பாக. காலம் ஓடுது தாயி. நான்தான் அந்த ஓட்டத்தக் கவனிக்காம மிக்சியத் தூக்கிட்டுப் போயிட்டேன்.

அதுக்கு முந்தின மாசந்தான் அவ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சடங்காம். தாய்மாமன் துணி தொவைக்கிற மிசினும் ஸ்கூட்டியும் கொண்டாந்தானாம். யாரும் எங்கிட்டச் சொல்லல. மைக்கு பிடிச்சவன் எங்க சீர வாசிக்கிறான். "தாய்மாமன் தவமணி, ஜெயக்கொடி தம்பதியர், வெங்கல அண்டா ஒன்று, மிக்சி ஒன்று" அப்பிடின்னு இழுத்து வாசிக்கிறான். வனப்பேச்சி அந்தப் பெட்டிய வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. அணைச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா?

"என்ன மதினி, மிக்சி வீட்டுல ரெண்டு கெடக்கே, எதுக்கு இம்புட்டுச் செலவு பண்ணீக? நீங்க வந்ததே போதும்ல?"

சொல்லிட்டுச் சிரிச்சா. சுத்தி இருந்த பொம்பளைக அம்புட்டுப் பேரும் சிரிச்சாளுக.

நீ என்ன நெனைக்கிற? பாசத்துல சொன்னான்னுதானே? எங்க வீட்டுக்காரரும் அப்பிடித்தான் சொன்னாக. "வனம் வெள்ளந்தி, மனசுல வச்சுச் சொல்லாது." வெள்ளந்தியாம்! ரெண்டு கெடக்குன்னா என்ன அர்த்தம்? நீ கொண்டாந்தது குப்பையோட குப்பைன்னு அர்த்தம். வந்ததே போதும்னா? ஒன்னால ஆனது அம்புட்டுத்தான்னு அர்த்தம். அன்னைக்கி அந்தப் பந்தியில எனக்குச் சோறு எறங்கல. எலைய மூடிட்டு எந்திரிச்சேன். அவ ஓடியாந்து "என்ன மதினி, கொழம்பு ஒறப்பா?"ன்னு கேக்குறா. உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டேன்.

வருசக்கணக்கா வச்சிருந்தேன். பொங்கலுக்கு அவ வருவா, கரும்பும் வாழைத்தாரும் கொண்டாருவா, நான் காப்பி போட்டுக் குடுப்பேன். ஆனா அவ சிரிக்கிறப்பெல்லாம் எனக்கு அந்த மைக்குச் சத்தம் காதுல விழுகும். மிக்சி ஒன்று. மிக்சி ஒன்று. கருவிக்கிட்டே இருந்தேன் தாயி. சாமி ஒருநாள் கண்ணத் தொறந்துச்சு. அவ பையனுக்குக் காதுகுத்து வச்சா.

"இந்த மட்டம் நான் சொல்றதுதான் சீர்"னுட்டேன் எங்க வீட்டுக்காரர்கிட்ட.

அவுக தேங்கா ஏவாரம். சின்னமனூர் தாண்டி வாய்க்கால ஒட்டி எங்களுக்கு ஒரு தோப்பு இருந்துச்சு. எங்க மாமனார் வச்ச தோப்பு. மாமனார் செத்ததுக்கப்பறம் வனப்பேச்சிக்கும் அதுல பங்கு இருக்குன்னு ரெஜிஸ்டர் ஆபீசுல சொன்னாக. அவ வந்தா, எங்க கையெழுத்துப் போடணும்னு கேட்டா, போட்டா, போயிட்டா. "அண்ணே வச்சிருந்தா நான் வச்சிருந்த மாதிரித்தான்"னா. அவளே சொன்னது. அவ வாயால சொன்னது. நான் யாரையும் வற்புறுத்தல.

அந்தத் தோப்பக் குடுத்துருவோம்னேன். திண்டுக்கல்லுல ஒரு டாக்டரு கேட்டுக்கிட்டே இருந்தாரு.

"அது அப்பா வச்சது ஜெயக்கொடி"ன்னாக.

"உங்கப்பா வச்சாரு. நீங்க என்ன வச்சீக? எனக்கு அந்த ஊர்ல ஒரு மானத்தையாவது வச்சீகளா?"

அப்பிடிக் கேட்டேன். அவுக துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு வெளிய போயிட்டாக. ரெண்டு நாளு சரியாச் சாப்பிடல. அப்பறம் கையெழுத்துப் போட்டாக. ஆம்பளைகளுக்கு முடிவெடுக்கத் தெரியாது தாயி, நாமதான் எடுத்துக் குடுக்கணும்.

இதுல ஒரு சிக்கல் பாத்துக்க. நாத்தனா வீட்டுக்கு ரெட்டைக்கதவு ஃபிரிட்ஜு குடுக்கிறோம். நம்ம வீட்டுல ஒத்தைக்கதவு நின்னா நல்லாவா இருக்கும்? அவளுக்கு மேல ஒரு படி நாம இருந்தாத்தானே குடுக்கிறது குடுக்கிறதா இருக்கும்? அதனால மொத எங்க வீட்ட மாத்துனேன். சொவரு அகலத்துக்கு டிவி. எல்லா அறைக்கும் ஏசி, அடுப்படிக்கும் ஒண்ணு. புகை போற மிசினு, பாத்திரம் கழுவுற மிசினு. தரையில தானா ஊந்து கூட்டுற மிசினு ஒண்ணு இருக்கு, ஆமை மாதிரி, அதுவும் வாங்குனேன். அது கட்டிலுக்கடியில போயி மாட்டிக்கிட்டு கத்தும், நான்தான் குனிஞ்சு எடுக்கணும். காரும் அப்பத்தான் எடுத்தது. சீர் ஊர்வலத்துக்கு முன்னாடி நாங்க பஸ்சுல போயி எறங்கவா முடியும்?

எம் மகன் கோயமுத்தூர்ல இருக்கான். "தோப்ப விக்கிறதுக்கு முன்னால ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லம்மா"ன்னான். படிச்ச பையன், அவனுக்கு இதெல்லாம் புரியாது. இப்பப் பேசுறது கொறைஞ்சிருச்சு. வேலை ஜாஸ்தி.

ஊர்வலத்த நீ பாத்திருக்கணும்! சின்னமனூரு கடைவீதி நின்னு பாத்துச்சு. முன்னால கொட்டு, ஆடுற குதிரை, மேல பறந்து படம் பிடிக்கிற கேமரா. பின்னால ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா டிராக்டரு. ரெட்டைக்கதவு ஃபிரிட்ஜு, தொவைக்கிற மிசினு, டிவி, சோபா செட்டு, கண்ணாடி மேசை, கட்டிலு, ஏசி. எல்லாத்துலயும் சேப்பு ரிப்பன் கட்டி, எங்க ரெண்டு பேரு போட்டோவும் ஒட்டி வச்சிருந்தேன். மைக்கு பிடிச்சவன் வாசிக்கிறான் வாசிக்கிறான், மூச்சு வாங்குது அவனுக்கு. நான் பட்டுச் சேல கட்டி, எட்டு வச்சு நடந்து போறேன்.

சந்து முக்குல டிராக்டரு நின்னுபோச்சு. உள்ள திரும்பாது. ஆளு வச்சுத் தூக்கிட்டுப் போனாக. வாசல்ல ஃபிரிட்ஜ வச்சா, அது நெலைப்படிக்குள்ள நொழைய மாட்டேங்குது. சாச்சுப் பாத்தாக, படுக்க வச்சுப் பாத்தாக. மாயழகண்ணே கடப்பாரைய எடுத்து நெலையப் பேக்கவா வேணாமான்னு நிக்கிறாரு. சோபா போகாது. கட்டிலு போகாது. சனம் மாடியில, திண்டுல எல்லாம் ஏறி நின்னு பாக்குது. எனக்குத் தெரியாதா அந்த வாசல் அளவு? எத்தன மட்டம் குனிஞ்சு போயிருக்கேன்! தெரிஞ்சுதான் தாயி வாங்குனேன்.

வனப்பேச்சி வெளிய வந்தா. பாத்தா. அவ சிரிக்கல.

அம்புட்டு வருசத்துல அன்னைக்கித்தான் அவ மொகத்துல சிரிப்பு இல்லாமப் பாத்தேன். சோபாவப் பாக்குறா, டிவியப் பாக்குறா, அவுக அண்ணன் மொகத்தப் பாக்குறா. அவுக தலையக் குனிஞ்சு நிக்கிறாக. அவ எங்கிட்ட வந்து, கையப் பிடிச்சு, மெதுவாக் கேட்டா:

"மதினி, தோப்பக் குடுத்துட்டீகளா?"

"கையெழுத்துப் போட்டுக் குடுத்தவளுக்கு அதப் பத்தி என்ன கேள்வி?"ன்னேன்.

பொலபொலன்னு அழுதுட்டா. ஊரே பாத்துச்சு. அண்ணன் மேல உள்ள பாசத்துல அவ அழுகுறதா சனங்க நெனைச்சுச்சுக. எனக்குல்ல தெரியும்! அன்னைக்கிப் பந்தியில ஒக்காந்து ரெண்டாவது மட்டம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தேன் பாரு, அப்பிடி ஒரு ஒறக்கம்.

அப்பறம் சாமானெல்லாம் சந்துல தார்ப்பாயி போட்டு மூடிக் கெடந்துச்சு. போறவுக வாரவுக இடிச்சுக்கிட்டு ஏசிக்கிட்டுப் போவாகளாம். நான் ஆளு விட்டு விசாரிச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு நாளு சேதி வந்துச்சு, வனப்பேச்சி அம்புட்டுச் சீரையும் வித்துட்டான்னு. அண்ணன் குடுத்த சீர விக்கிற பொம்பளை உண்டா ஒலகத்துல? பாளையம் பூரா சொன்னேன். மாவு அரைக்கப் போன எடத்துல சொன்னேன், கோயில்ல சொன்னேன். அவ மானம் போச்சுன்னு நெனச்சேன்.

ஆனா அவ என்ன செஞ்சா தெரியுமா? அந்தக் காச வச்சு, காதுல கழுத்துல கெடந்ததையும் வச்சு, அந்தத் திண்டுக்கல் டாக்டர்கிட்டப் போயி நின்னிருக்கா. தோப்பக் குத்தகைக்குக் கேட்டிருக்கா. அந்த ஆளுக்கும் பாக்க ஆளு இல்ல, சரின்னுட்டாரு. எங்க தோப்பு தாயி! நான் வித்த தோப்பு! இப்ப அவளும் மாயழகண்ணனும் அங்க எளனி வெட்டி விக்கிறாக. ஊடால வாழை போட்டிருக்காக.

இரு இரு, கொஞ்சம் சாஞ்சுக்க. அந்தப் பெட்டிய இங்கிட்டு நிமித்து வையி, என்னைய மறைக்கிற மாதிரி. அந்தா, வாய்க்காலுக்கு அங்கிட்டு, மரம் வரிசையாத் தெரியுது பாரு, அதான். ரோட்டோரத்துல சாக்குல எளனி குமிச்சிருக்கா பாத்தியா? யாரும் நிக்கிறாகளா? சேப்புச் சேல கட்டி? சிரிச்சுக்கிட்டா நிக்கிறா? பக்கத்துல ஒரு ஆளு, நரைச்ச மீசை... சரி. போயிருச்சுல்ல? போகட்டும். நீ நேரா ஒக்காரு.

அந்த நரைச்ச மீசை எங்க வீட்டுக்காரருதான்.

மொதல்ல காலையில போயிட்டு பொழுசாய வருவாக. கேட்டா, "சும்மா மரத்தப் பாத்துட்டு வாரேன்"னாக. சும்மாவா பாத்தாக? தண்ணி பாச்சுறது, மட்டை அள்ளுறது, எல்லா வேலையும். தங்கச்சிகிட்டக் கூலிக்குப் போற அண்ணனா என் புருசன்? கூலி இல்லையாம், சாப்பாடு மட்டுந்தானாம். அதக் கேட்டு எனக்கு இன்னும் வயிறு எரிஞ்சுச்சு.

ஒரு நாளு நேராப் பாத்துருவோம்னு போனேன். வேலிக்கு வெளிய நின்னேன். உள்ள மரத்தடியில ரெண்டு பேரும் ஒக்காந்து கஞ்சி குடிக்கிறாக. அவ என்னமோ சொல்றா, அவுக சிரிக்கிறாக. வாய் விட்டு, தலைய ஆட்டிச் சிரிக்கிறாக. எங்க வீட்டுல ஏசி ஓடுது, சொவரு முழுக்கப் படம் ஓடுது, அப்பிடி ஒரு நாளு சிரிச்சுப் பாத்ததில்ல நான். வனப்பேச்சி என்னையப் பாத்துட்டா. கஞ்சிக் கையோட ஓடியாந்து, "வாங்க மதினி, ஏன் வெளியவே நிக்கிறீக"ன்னு கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி, எளனி சீவிக் குடுத்தா.

குடிச்சேன். நல்ல வெயிலு, தாகம். நல்லாத்தான் இருந்துச்சு. ஏன் நல்லா இருக்காது? எங்க தோப்புத் தண்ணி.

"அண்ணே இங்க வந்தா கொஞ்சம் தெம்பா இருக்கு மதினி, வரட்டும்"ங்கிறா. எம் புருசன எனக்கே பங்கு போட்டுக் குடுக்கிறா!

போன மாசம் அவுக ரெண்டு வேட்டியும் துண்டும் எடுத்துட்டு அங்கயே போயிட்டாக. மோட்டார் ரூமுல கட்டில் போட்டிருக்காகளாம். சண்டையெல்லாம் இல்ல. "கொஞ்ச நாளு அங்கிட்டு இருக்கேன் ஜெயக்கொடி"ன்னாக. எனக்கென்ன, வீடு பூரா எனக்குத்தான். ஆமை மாதிரி மிசினு ஊந்துக்கிட்டு இருக்கும், நான் பாத்துக்கிட்டு இருப்பேன். ஃபிரிட்ஜத் தொறந்தா வெளக்கு எரியும். மோரு, கொஞ்சம் தக்காளி.

இப்பக் கேளு. இப்பத்தான் அவ உள்மனசு வெளிய வந்துச்சு. பிரியதர்சினிக்குக் கல்யாணம் வச்சிருக்கா. தட்டுல பத்திரிகையும் பாக்கு வெத்தலையும் வச்சு எங்க வீட்டுக்கு வந்தா, கூட அவுகளும் வந்தாக, விருந்தாளி மாதிரி சோபா ஓரத்துல ஒக்காந்திருக்காக. அவ எங் கால்மாட்டுல தரையில ஒக்காந்து சொல்றா:

"மதினி, இந்த மட்டம் ஒண்ணும் கொண்டாரக் கூடாது. எம் மேல ஆணை. அண்ணே தோப்புல இருந்து ஒரு தேங்காக் கொலை வெட்டித் தூக்கிட்டு வரும். தாய்மாமன் சீர் அதுதான். நீங்க மணமேடையில எம் பொண்ணு பக்கத்துல நில்லுங்க, அது போதும்."

அவுகளும் "ஆமா, அது போதும்"ங்கிறாக.

பாத்தியா எப்பிடித் திட்டம் போட்டிருக்கான்னு? ஊரு சனம் அம்புட்டும் ஒக்காந்திருக்கும். சம்பந்தகாரவுக தேனியில பெரிய கையி. மைக்குல வாசிப்பான்: "தாய்மாமன் தவமணி, ஜெயக்கொடி தம்பதியர், தேங்காய்க் கொலை ஒன்று." நான் அந்தக் கொலைக்குப் பக்கத்துல நிக்கணும். என்னைய மேடையில ஏத்தி வச்சுப் பழி வாங்கப் பாக்குறா தாயி. அதையும் கால்மாட்டுல ஒக்காந்துக்கிட்டுச் சொல்றா பாரு!

என்னது? நெசமாவே வேணாம்னு சொல்லியிருக்கலாமா? நீ சின்னப்புள்ள. ஒனக்கு இன்னும் நாத்தனா வாய்க்கல.

அதான் இப்பப் போறேன். பையில வீட்டுப் பத்திரம் இருக்கு. வீடு எம் பேர்லதான் இருக்கு, மாமனாரு காலத்துலயே மருமக பேருக்குன்னு எழுதி வச்சாரு. நேத்துப் பேங்குக்குப் போனேன், எல்லாம் பேசியாச்சு. மேனேஜரு, "வீட்டுக்காரருக்குத் தெரியுமாம்மா?"ன்னு கேட்டாரு. "அவுகதான் சார் அனுப்புனாக"ன்னேன். கழுத்துல ஏன் ஒண்ணும் இல்லேன்னு பாக்குறியா? நக எல்லாம் பத்திரமா இருக்கு, வீட்டுல இல்ல, அம்புட்டுத்தான். மஞ்சக்கயிறு இருக்குல்ல, அது போதும்.

பிரியதர்சினிக்குக் காரு எடுக்கப் போறேன். வெள்ளக் காரு. மேல தொறக்கிற மாதிரி கண்ணாடி வச்சது, இப்ப அதான் பெருசாம், கடைப்பையன் சொன்னான். முன்னால பெரிய சேப்பு ரிப்பன் கட்டித் தருவாங்களாம். கல்யாணத்தன்னைக்கி அவுக தேங்காக் கொலையத் தோள்ல தூக்கிட்டு, வேர்த்து விறுவிறுத்து மண்டப வாசலுக்கு வரட்டும். அண்ணனும் தங்கச்சியும் சிரிச்சுக்கிட்டே வரட்டும். பின்னாலயே நான் அந்தக் கார்ல வந்து எறங்குவேன். மைக்குல ரெண்டையும் வாசிக்கட்டும். மாமன் கொண்டாந்தது ஒன்று. அத்தை கொண்டாந்தது ஒன்று.

ஆரஞ்சு லைட்டு தெரியுதுல்ல, அதுக்கு அடுத்தது பேங்க் ஸ்டாப். கொஞ்சம் எந்திரி தாயி, வழி விடு. பெட்டியப் பத்திரமாப் பிடிச்சுக்க.

அவ அழுவா. கட்டாயம் அழுவா. இந்த மட்டம் கூட நின்னு அவுகளும் அழுதா, அழட்டும்.